எஞ்சின் மேலே, தண்ணீர் கீழே

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "உனக்கு என்ன வருமோ அதை எழுது" என்று விட்டார். எனக்கு வருவது எஞ்சின். அதுவும் ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் மேடை போட்டு நிறுத்தியிருக்கிற பெரிய எஞ்சின் இல்லை. எங்கள் காரியாபட்டிப் பக்கம் மொபெட்டின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு போவார்களே, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன பம்புசெட், அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தேர்வில் இது இரண்டு மதிப்பெண் கேள்வியாகக்கூட வராது. ஆனால் நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்த எஞ்சின் இருக்கிறது.

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை எல்லாம் வறண்ட சீமை என்பது உங்களுக்குத் தெரியும். கண்மாயில் தண்ணீர் நின்றால் மடை வழியாகத் தானாகப் பாயும். மடைக்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டால், கடைசி நனைப்புக்கு எஞ்சின் வைத்து இறைக்க வேண்டும். மின் இணைப்பு இல்லாத கிணற்றுக்கும் இதுதான் கதி. டீசல் எஞ்சினை நகர்த்த வண்டி வேண்டும், ஆள் வேண்டும். இந்தச் சின்ன எஞ்சினை இரண்டு பேர் பிடித்தால் வரப்பிலேயே தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதன் பெருமையும் அந்த எடைதான், ஆபத்தும் அந்த எடைதான். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு எண்ணெய், ஒரு கார்புரேட்டர்

எங்கள் ஊரில் அதிகம் பார்க்கிற ஓண்டா ஜி.கே.200 கிட்டத்தட்ட 200 சி.சி. கொள்ளளவு உள்ள ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் எஞ்சின். கிரீவ்ஸ் எம்.கே. வகை எஞ்சின்களும் உண்டு. எல்லாவற்றிலும் தத்துவம் ஒன்றே. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் ஆவியாகாது. நம் நாட்டு மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட 35 டிகிரி செல்சியசாவது வேண்டும். பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே அது நடந்துவிடும். அதனால் பெட்ரோலில் கிளப்பி, மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்ப் பக்கம் டேப்பைத் திருப்ப வேண்டும். மண்ணெண்ணெய்க்குத் தட்டும் குணம் அதிகம் என்பதால் இந்த எஞ்சின்களில் அமுக்க விகிதத்தையும் குறைத்தே வைத்திருப்பார்கள்.

நம் ஆட்களுக்கு இந்த நான்கு நிமிடம் பொறுமை இருக்காது. பெட்ரோல் விலையை நினைத்துக் கிளம்பின உடனே டேப்பைத் திருப்பிவிடுவார்கள். எஞ்சினும் கறுப்பாகப் புகைவிட்டுக்கொண்டு ஓடத்தான் செய்யும். ஆனால் உள்ளே எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்கைத் தாண்டி, கீழே ஆயிலோடு கலந்துவிடும். ஆகவே ஆயில் பார்க்கும்போது அளவு குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். "எங்க எஞ்சின் ஆயிலே குடிக்காது" என்று ஒருவர் என்னிடம் பெருமையடித்தார். குச்சியை மோந்து பார்த்தேன், ரேஷன் கடை வாசனை. அந்த எஞ்சினுக்கு ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டிதான் ஆயிலை வாரியடிக்கிறது. நீர்த்துப்போன ஆயிலை வாரியடித்து என்ன பயன்?

நிறுத்தும்போதும் இதே ஒழுங்கு உண்டு, அதை இன்னும் அதிகம் பேர் மறக்கிறார்கள். நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் இருக்கும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றாலும் கிளம்பாது. "பிளக் போச்சு" என்று புது பிளக் வாங்கி மாட்டுவார்கள். பிளக் பாவம், அது என்ன செய்யும்?

தூசிதான் முதல் எதிரி

நூறு எஞ்சினில் எது முதலில் கெடுகிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் ஏர் கிளீனர் என்பேன். கோடையில் கண்மாய்க்குள் வெடித்துக் கிடக்கிற மண்ணில் ஒரு லாரி போனால் போதும், பத்து நிமிடம் புழுதி அடங்காது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடம் பக்கத்தில் இருந்தால் கரித்தூள் வேறு. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் 1,800 முறை காற்றை இழுக்கும். ஒவ்வொரு முறையும் 0.2 லிட்டர் என்றால் 360 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, முக்கால் பங்கு என்று குறைத்துப் போட்டாலும் நிமிடத்துக்கு 270 லிட்டர். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், மறுபடியும் வேண்டியிருக்கும்.

அவ்வளவு காற்றும் உள்ளங்கை அகல ஸ்பாஞ்சு வழியாகப் போகிறது. ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எஞ்சின் இன்னும் சுறுசுறுப்பாக ஓடுகிற மாதிரி தெரியும். ஆனால் உள்ளே போகும் மண் ஆயிலோடு சேர்ந்து சாணைக்கல் வேலை செய்யும், ஒரே பருவத்தில் ரிங் தேய்ந்துவிடும். கழற்றாமலும் கழுவாமலும் விட்டால் காற்று குறைந்து எண்ணெய் மிகும். புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும், செலவு கூடும். அதோடு எரியாத கரி கார்பன் மோனாக்சைடாக மாறி வெளியே வருவதும் கூடும். சோக்கைத் திறக்க மறந்து ஓட்டினாலும் இதே கதைதான். பராமரிப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்று தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். இந்த இடத்தில் இரண்டும் ஒரே பாடம்.

ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்து, மறுபடி நன்றாகப் பிழிந்து மாட்ட வேண்டும். ஆயில் சொட்டக்கூடாது. முறுக்கிப் பிழிந்தால் கிழிந்துவிடும், உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் போதும். பெட்ரோலில் கழுவவே கூடாது. புழுதிக் காலத்தில் நான் இதை இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்கிறேன். மழைக்காலத்தில் ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புது எஞ்சினுக்கு 20 மணி நேரத்தில் முதல் ஆயில் மாற்றம், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. மண்ணெண்ணெய் வாசனை வந்துவிட்டால் மணி பார்க்க வேண்டாம், உடனே மாற்றிவிடலாம். அளவு பார்க்கும்போது எஞ்சின் சமதளத்தில் இருக்க வேண்டும். வரப்பில் சாய்த்து வைத்துப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம், பிளேடு நுழைந்து கொஞ்சம் ஆட வேண்டும். பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது, பிளக் கழற்றின ஓட்டைக்கு அருகே அதைப் பிடிக்காதீர்கள். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும். தலைப்பகுதித் தகடுகளுக்கு இடையே வைக்கோல் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதுதான் இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர். பம்பில் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினால் சீல் ஒரே நிமிடத்தில் கருகும். புட்வால்வில் செருப்புத் துண்டு, பாசி, நத்தை என்று எல்லாம் சிக்கும், ஒரு கூடையைக் கட்டி இறக்குங்கள். பருவம் முடிந்து வைக்கும்போது டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்துவிட வேண்டும். இப்போது பங்கில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய எஞ்சினின் ரப்பர் வாஷர்களுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கிண்ணத்தில் பச்சைப் பாசி மாதிரி படிந்திருக்கும்.

மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் மரம் அறுக்கிற செயின் சாவும் இரண்டு ஸ்ட்ரோக். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 போல அவற்றுக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 1-க்கு 25 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. கலக்காமல் ஊற்றினால் ஒரு டேங்க் தீருமுன்னே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

தீயைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓடுகிற எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சைலன்சர் டேங்குக்கு ஒரு சாண் தூரத்தில் தகதகவென்று இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து போகும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள். அந்த நேரத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒரு வாய் மோர் குடித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை வீட்டில் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் தெரியாமல் குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பதினெட்டு முழத்துக் கணக்கு

இனி நான் எழுத வந்த விஷயம்.

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் பம்பு உறிஞ்சுவதில்லை. ஓசுக்குள் காற்றை வெளியேற்றிவிடுகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. முதலாம் ஆண்டில் படித்ததுதான். பம்பு 18 முழத்துக்கு மேல் தண்ணீரைத் தூக்காது என்று ஒரு தொழிலாளி சொன்னதாகக் கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் எழுதினார். ஏன் தூக்காது என்பதை அவருடைய சீடர் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து விளக்கினார். காற்றழுத்தம் தாங்கக்கூடிய தண்ணீர்த் தூண் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. ஓஸ் உராய்வு, ஜாயின்ட் கசிவு, புட்வால்வு எல்லாம் போக நம் பம்புக்கு நடைமுறையில் 22 முதல் 25 அடிதான். எஞ்சினை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் இந்த 25 அடி மாறாது. மேலே தள்ளுவதற்கு வேண்டுமானால் குதிரைத் திறன் உதவும், கீழேயிருந்து எடுப்பதற்கு உதவாது.

எங்கள் பக்கத்துக் கிணற்றில் சித்திரை மாதம் தண்ணீர் 35 அடிக்குப் போய்விடும். அப்போது என்ன செய்வார்கள்? எஞ்சின்தான் கனமில்லையே, கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். பாதி ஆழத்தில் பழைய மோட்டார் மேடை இருக்கும், அதில் உட்கார வைப்பார்கள். தண்ணீரும் வரும். எடை என்று முன்னே சொன்னேனே, அது இதற்குத்தான்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பெரியப்பாவின் மல்லிகைத் தோட்டத்தில் இப்படித்தான் இறக்கினோம். "இறக்கினோம்" என்றுதான் எழுத வேண்டும். கயிற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்தது நான். பூ விலை நன்றாக இருந்த நேரம், மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. எஞ்சின் அருமையாக ஓடியது. முந்தின நாள்தான் நானே ஸ்பாஞ்சைக் கழுவிப் பிளக்கைத் துடைத்து வைத்திருந்தேன், அந்தப் பெருமையில் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். சத்தம் ஏறி ஏறி இறங்க ஆரம்பித்தது, மண்ணெண்ணெய் தீரப்போகிறது. அண்ணன், பெரியப்பா மகன், கேனோடு கல்படியில் இறங்கினார். படியில் பாசி இருந்ததால் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு போனார். மேடைக்குப் போனவர் கேனைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "என்னண்ணே?" என்றேன். "கிறுகிறுன்னு வருதுடா" என்றார். அவ்வளவுதான், தலை தொங்கிவிட்டது.

நான் இறங்கப் போனேன். இரண்டு படி இறங்கியும்விட்டேன். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப்போட்டார். "டேய், ஒருத்தன் போனது பத்தாதா? கயித்தப் புடிடா!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சமயம் மண்ணெண்ணெய் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. இடுப்புக் கயிறு இருந்ததால் நான்கு பேர் சேர்ந்து அண்ணனை மேலே இழுத்தோம். முழங்கையெல்லாம் கல்லில் தேய்ந்து ரத்தம். மூச்சு இருந்தது. அரை மணி நேரம் கழித்து வாந்தி எடுத்து, தலை வெடிக்கிறது என்றார்.

மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவி 98 காட்டியது. அப்பாடா என்றோம். டாக்டர் மட்டும், "எஞ்சின் புகையா? அப்படியானால் இந்த நம்பரை நம்பக்கூடாது" என்று உடனே முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுக்கச் சொன்னார். காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கார்பன் மோனாக்சைடு நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டின ரத்தமும் சிவப்பாகத்தான் இருக்கும், சாதாரண விரல் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. வெறும் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணியில் பாதி போகும். ஆகவே இப்படி யாரையாவது கொண்டுபோனால் "மயக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எஞ்சின் புகையில் இருந்தார்" என்று சொல்லுங்கள்.

நாம் போட வேண்டிய கணக்கு

அன்றைக்கு நான் டிப்ளமோ சேரவில்லை. இப்போது சேர்ந்து கணக்கு படித்திருக்கிறேன், போட்டுப் பார்த்தேன். கிணறு 12 அடி விட்டம், தண்ணீர் வரை 35 அடி. 3.14 × 6 × 6 × 35, கிட்டத்தட்ட 4,000 கனஅடி. ஒரு கனஅடிக்கு 28.3 லிட்டர் என்றால் 1,13,000 லிட்டர் காற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 270 லிட்டர் இழுக்கிறது, ஏறக்குறைய அவ்வளவு புகை வெளிவருகிறது. எண்ணெய் மிகுந்து ஓடும் சின்ன எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு 5 சதவீதம் வரை சாதாரணமாக இருக்கும். ஆக நிமிடத்துக்கு 13.5 லிட்டர். பத்து நிமிடத்தில் 135 லிட்டர். இதை 1,13,000-ஆல் வகுத்தால் 0.12 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 1,200 பங்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், "உயிருக்கு உடனடி ஆபத்து" என்று கோடு போட்டிருப்பதும் இதே 1,200-இல்தான். அண்ணன் இறங்கியது இருபதாவது நிமிடத்தில்.

கிணற்றின் மேல்வாய் திறந்திருக்கிறதே, காற்று மாறாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாறும். ஆனால் சைலன்சர் பக்கத்தில் நிற்கிறவருக்குச் சராசரியைவிட அதிகம்தான் கிடைக்கும். இதே நியோஷ் வேறு நான்கு அரசு அமைப்புகளோடு சேர்ந்து 1996-இல் சின்னப் பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் ஒரு நிகழ்ச்சி. தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 59,000 கனஅடி கொண்ட ஓர் அறைக்குள் 8 குதிரைத் திறன் பெட்ரோல் பம்பு வைத்து ஒருவர் வேலை செய்திருக்கிறார். பக்கத்துக் கதவுகள் திறந்தே இருந்திருக்கின்றன. வெளியே வர முயலும்போது மயங்கி விழுந்துவிட்டார். அவருடைய பம்பு நம்முடையதைவிடப் பெரியதுதான். ஆனால் நம் கிணறு அந்த அறையில் கிட்டத்தட்ட பதினைந்தில் ஒரு பங்கு, கதவும் இல்லை.

ஊரில் சில பழக்கங்கள் உண்டு, அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடிக்க அது நல்ல உபாயம். ஆனால் 0.12 சதவீதக் கார்பன் மோனாக்சைடில் விளக்கு ஜம்மென்று எரியும், ஆள்தான் அணைந்துவிடுவான். வேப்பங்குலையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவதும் தேங்கிய காற்றைக் கலைக்கும், ஆனால் உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதனால் ஒன்றும் ஆகாது. "விஷவாயு கனம், அடியில்தான் கிடக்கும், மேடை வரைக்கும் வராது" என்பதும் தப்பு. கார்பன் மோனாக்சைடு காற்றைவிடத் துளி லேசு. எல்லாப் பக்கமும் கலந்து நிற்கும். நிறமில்லை, மணமில்லை. புகை நாற்றம் இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம், நல்ல பராமரிப்பில் உள்ள எஞ்சினும் இதை விடத்தான் செய்யும். டீசல் எஞ்சினில் இந்த வாயு குறைவு என்பது உண்மை. ஆனாலும் அதையும் கிணற்றுக்குள் ஓட்டக்கூடாது. சைலன்சரில் ஓஸ் மாட்டி மேலே விட்டுவிடலாமே என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். ஒரு கிளாம்ப் தளர்ந்தால், ஒரு இடத்தில் ஓஸ் உருகினால், மேலே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நான் அந்த யோசனையை ஏற்கவில்லை.

அப்படியானால் 35 அடித் தண்ணீரை எப்படி எடுப்பது? எங்கள் தாத்தா காலத்து டீசல் எஞ்சின்காரர்கள் விடை வைத்திருந்தார்கள். எஞ்சின் கிணற்று மேட்டில், பம்பு மட்டும் உள்ளே மேடையில், இரண்டுக்கும் நடுவில் நீளப் பட்டை. பட்டைக்கு மறைப்பு வேண்டும். வேட்டி, துண்டு மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். இன்னொன்று, ஜெனரேட்டரை மேலே வைத்து, நீர்மூழ்கி மோட்டாரைக் கீழே இறக்குவது. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும், ஆகவே ஜெனரேட்டரை மோட்டாரின் அளவுக்கே வாங்கினால் திணறும், பெரிதாக வேண்டும். ஈரக் கிணறு என்பதால் எர்த்தும், கசிவு கண்டால் வெட்டிவிடும் சுவிட்சும் கட்டாயம். ஜெட் பம்பும் உண்டு, தண்ணீர் அளவு குறைவாக வரும். மூன்றுக்கும் செலவு உண்டு என்பதை மறைக்கவில்லை. செலவு செய்ய முடியாத வருடம் எங்கள் வீட்டில் கடைசிப் பாத்திகளைக் காயவிட்டிருக்கிறோம்.

யாராவது உள்ளே மயங்கிவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். மேலேயிருந்து எஞ்சினை நிறுத்த வழியிருந்தால் நிறுத்துங்கள். கயிறு இருந்தால் இழுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. தீயணைப்பு வீரர்களிடம் முதுகில் மாட்டும் காற்றுக் கருவி இருக்கும். நம்மிடம் அது இல்லை.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். மூன்று மாதம் வரை பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராமல் தடுமாறினார், பிறகு சரியாகிவிட்டது. அந்த எஞ்சினை நாங்கள் விற்கவில்லை. கண்மாய்க் கரையில் வைத்து இறைக்கிறோம், பவர் அருமையாக இருக்கிறது. டேங்க் மேல் பெரியப்பா சாக்பீசால் ஆயில் மாற்றிய தேதியை எழுதுவார். கிணற்று மேடைக்கு இறங்கும் முதல் படியில் அந்தத் தாத்தா ஒரு கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். காயக் காய வேறு முள் வெட்டிப் போடுகிறோம்.